சம்பளச் சீட்டோடு வாருங்கள்: டிசைன் பேட்டர்ன் பட்டறைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தின் பின்பக்கக் கூடத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடக்கும் இலவசப் பட்டறை இது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். ஓரளவு நிரல் எழுதத் தெரியும், ஆனால் எழுதியது வளர வளரக் கைமீறிப் போகிறது என்று தவிக்கிற பிள்ளைகளுக்காக நடத்துகிறோம். வருகிறவர்களில் பலர் லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்கள், எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகப் படிக்கிறவர்கள், ஈப்போவில் வேலை கிடைத்து முதல் மூன்று மாதத்தில் திணறுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். என்ன தெரிந்திருக்க வேண்டும்? மடிக்கணினி இல்லாவிட்டால் வரலாமா? தமிழில் படித்துவிட்டு வேலைக்குப் போனால் சிரமமாகாதா? எல்லாவற்றுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஒருமுறை படித்துவிட்டு வந்தால் முதல் நாள் மிரட்சி பாதி குறையும்.

அஞ்சடியிலிருந்து தொடங்குவோம்

டிசைன் பேட்டர்ன் என்றால் என்ன என்பதை ஒரு கடைவரிசையை வைத்தே சொல்லிவிடலாம். நம் ஊர்ப் பழைய கடைவரிசையில் மழை நேரத்திலும் குடையில்லாமல் கடைக்குக் கடை நடந்து போகலாம். மேல்மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே, கடைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு நடைபாதை. அஞ்சடி என்கிறோம். ஈப்போவில், தைப்பிங்கில், பினாங்கில் எங்கே போனாலும் பழைய கடைவீடுகளில் அது உண்டு. 1822இல் சிங்கப்பூருக்கு ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே, கடைகளுக்கு முன்னால் இப்படித் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று விதி இருந்தது.

ஊருக்கு ஊர் கடையின் அகலம் வேறு, தூண் வேறு. சிக்கல் மட்டும் ஒன்றே: வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் ஆட்கள் நனையாமல் கடைக்குக் கடை போக வேண்டும். தீர்வும் ஒன்றே. அதற்கு ஒரு பெயர் இருப்பதால் கட்டுகிறவரிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. "முன்னால் அஞ்சடி விடுங்கள்" என்றால் போதும். அதற்கு ஒரு விலையும் உண்டு. கடைக்காரருக்குத் தரைத்தளத்தில் அவ்வளவு இடம் குறையும். சாமான்களை அடுக்கி வழியை அடைத்துக்கொள்ளும் தொல்லையும் கூடவே வரும்.

டிசைன் பேட்டர்ன் என்பதும் இப்படித்தான். நிரல் எழுதும்போது திரும்பத் திரும்ப வருகிற ஒரு சிக்கல், அதற்குப் பலரும் கையாண்டு பார்த்த ஒரு தீர்வு, அதற்கு ஒரு பெயர், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. அப்படியே எடுத்து ஒட்டுகிற நிரல் துண்டு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அஞ்சடியைக் கடையில் வாங்கி வந்து ஒட்ட முடியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

கட்டடத்தை நான் உவமைக்காக மட்டும் இழுக்கவில்லை. இந்த எண்ணமே கட்டடக் கலையிலிருந்து வந்ததுதான். கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1977இல் வெளியிட்ட நூலில் ஊர், தெரு, வீடு, ஜன்னல் என்று 253 பேட்டர்ன்களை எழுதினார்கள். 1987இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு நிரலாளர்கள் அந்த வழியை மென்பொருளில் முயன்று பார்த்தார்கள். பிறகு 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நான்கு பேர் 23 பேட்டர்ன்களைத் தொகுத்து ஒரு நூலாக்கினார்கள். "நால்வர் நூல்" என்று பட்டறையில் யாராவது சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள். வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் உலகின் முதல் விக்கியைத் தொடங்கியதும் பேட்டர்ன்களைப் பலர் சேர்ந்து எழுதுவதற்காகத்தான்.

அந்த 23இல் நாங்கள் ஐந்தைத்தான் கையால் எழுதிப் பழக்குகிறோம். முதல் தடவை நடத்தியபோது 23ஐயும் ஒரே நாளில் திரையில் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், எல்லாரும் குறிப்பு எடுத்தார்கள். அடுத்த வாரம் "இந்த நிரலில் எது பொருந்தும்?" என்று கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. வலி தெரியாதவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி என்ன பயன்? அன்றைக்கு மாற்றிக்கொண்ட வழியைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறோம்.

வருவதற்கு இரண்டு வாரம் முன்பு

மாறி, பட்டியல், ஃபங்ஷன், சுழற்சி, நிபந்தனை இவற்றை வைத்து ஐம்பது வரி நிரலைத் தனியாக எழுத முடிந்தால் போதும். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று அரைகுறையாகவாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இரண்டு வாரம் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு கிளாஸ் எழுதி அதிலிருந்து மூன்று ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பாருங்கள். "தொழிலாளி" என்று ஒரு கிளாஸ். பெயர், வேலை, நாள் என்று மூன்று விவரம். அவ்வளவுதான்.

நாங்கள் பைத்தானில் எழுதுகிறோம். ஜாவா தெரிந்தவர்கள் ஜாவாவிலேயே எழுதலாம், தடையில்லை. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூலி, எடை, நாள் என்று எழுதினால் நிரல் அப்படியே ஓடும். வேலை இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் வைப்பார்கள், சரி. ஆனால் கற்றுக்கொள்ளும்போது பெயரைப் பார்த்தவுடன் பொருள் விளங்குவது பெரிய உதவி.

மடிக்கணினி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. 4 ஜிபி நினைவகம் உள்ளது தாராளமாகப் போதும். தோனி என்ற சிறிய எடிட்டரை வீட்டிலேயே இறக்கி நிறுவிவிடுங்கள், அதோடு பைத்தானும் சேர்ந்தே வந்துவிடும். இதை மண்டபத்துக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் அங்கே லைன் தாங்காது, முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். நிறுவியபின் ஒரு வரி நிரல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மடிக்கணினி இல்லாதவர்கள் தயங்காமல் வாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு கணினி என்றுதான் எப்படியும் உட்கார வைக்கிறோம். ஒருவர் தட்டச்சு செய்வார், மற்றவர் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார், அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். தனியாக உட்கார்ந்தவர்களைவிட இப்படி உட்கார்ந்தவர்கள் வேகமாகப் பிடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே புரிந்ததும் புரியாததும் தெரிகிறது.

கொண்டு வர வேண்டியவை: சார்ஜர், ஒரு நோட்டு, இருந்தால் ஓர் எக்ஸ்டென்ஷன் வயர். கூடத்தில் பிளக் குறைவு.

இலவசம் என்றால்

கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. பத்தரை மணிக்குத் தேநீரும் வடையும் உண்டு. சொல்லித் தருகிறவர்கள் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சொந்தச் செலவில் வருகிறார்கள். கூட்டாகச் சேர்ந்து ஒன்றைச் செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர்தான்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நான்கு வாரமும் வர முடியும் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள். இருபது நாற்காலிதான் இருக்கிறது. முதல் வாரம் எழுதிய நிரலைத்தான் நான்காவது வாரம் வரை திருத்திக்கொண்டே போவோம், நடுவில் ஒரு வாரம் விட்டால் பிடிப்பது கஷ்டம். தோட்டத்திலிருந்து வர பஸ் வசதி இல்லாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிற யாராவது ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெண் பிள்ளைகளை அழைத்து வர எங்கள் குழுவில் ஓர் அக்கா கார் எடுத்து வருகிறார்.

முதல் ஞாயிறு: உடையும் வரை எழுதுங்கள்

முதல் நாள் பேட்டர்ன் என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். ஒரு வேலை கொடுப்போம்: தோட்டத் தொழிலாளர்களின் மாதக் கூலியைக் கணக்கிடும் நிரல். இதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், இந்தக் கணக்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே பேசப்பட்டுக்கொண்டிருப்பது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருப்பார், அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டியிருப்பார், தாத்தா காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நாள் கூலி வாங்கியிருப்பார். மூன்றுக்கும் கணக்கு வேறு. பால் என்றால் வாளியில் இருக்கும் மொத்த எடைக்குக் கூலி கிடையாது. பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் உலர் எடைக்குத்தான் விலை. குலை டன் கணக்கு. மற்ற வேலைக்கு நாள் கணக்கு.

எல்லாரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

வேலை பால் வெட்டு என்றால், கூலி = எடை × விலை
வேலை குலை வெட்டு என்றால், கூலி = எடை × விலை
மற்றபடி, கூலி = நாள் × நாள் விலை

சரியாக ஓடும். அப்புறம் மேசை மேல் ஒரு உறை வைப்போம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மாற்றம் எழுதியிருக்கும். "குலையிலிருந்து உதிர்ந்த உதிரிப் பழத்துக்குத் தனி விலை." "உறைந்துபோன ஒட்டுப்பாலுக்குத் தனி விலை." "மழையால் பால் வெட்ட முடியாத நாளில் வேறு வேலை கொடுத்தால் நாள் கூலி." ஒரு சீட்டு நாட்டின் சட்டத்திலிருந்தே வருவது: குறைந்தபட்ச ஊதியம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் ஆனது, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. வெட்டிய எடைக்குக் கூலி குறைவாக வந்தாலும் மாதம் முழுதும் வேலை செய்தவருக்கு அந்தத் தொகை வரை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவரின் வாழ்க்கையே இந்த உறைதான். நாளைக்கு என்ன சீட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது.

போன தடவை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் ஒரு கணினியில் உட்கார்ந்து உதிரிப் பழச் சீட்டை எடுத்தார்கள். உதிரிப் பழம் சாக்கில் கிலோ கணக்கில் வருகிறது, குலையோ டன் கணக்கு. சரி, எல்லாவற்றையும் கிலோவிலேயே வாங்கி டன்னாக மாற்றிவிடுவோம் என்று ஃபங்ஷனின் தலைப்பகுதியில் எடையை ஆயிரத்தால் வகுத்தார்கள். குலை வெட்டுக் கணக்கு சரியாக வந்தது, கைதட்டிக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் பார்த்தார்கள்: 310 கிலோ உலர் எடைக்கு, கிலோ 4 ரிங்கிட் என்று நாங்கள் கொடுத்திருந்த மாதிரி விலையில், 1,240 ரிங்கிட் வர வேண்டிய பால் வெட்டுக்காரருக்கு 1 ரிங்கிட் 24 சென் வந்திருந்தது. செம்பனையைத் தொட்டார்கள், பால்மரத்தில் உடைந்தது.

தங்கச்சி ஒருத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, நாங்க பால் வெட்டு வரியத் தொடவே இல்லயே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முதல் ஞாயிறு முழுதையும் செலவழிக்கிறோம். தொடாத இடம் ஏன் உடைந்தது என்ற கேள்வி உங்களுக்குள் எழ வேண்டும். எழுந்துவிட்டால் அடுத்த மூன்று வாரமும் தானாக ஓடும்.

அதனால் முதல் நாள் உங்கள் நிரல் உடைந்தால் பதற வேண்டாம், அழித்துவிடவும் வேண்டாம். உடைந்த நிலையிலேயே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எந்தச் சீட்டுக்கு எத்தனை இடத்தில் கை வைத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை நான்காவது வாரம் தேவைப்படும்.

ஒரு அட்டை, நான்கு வரி

இரண்டாவது வாரம் முதல் பேட்டர்ன் வரும்: ஸ்ட்ராட்டஜி. ஒவ்வொரு கூலி முறையையும் தனித்தனிப் பெட்டியில், அதாவது தனித்தனிக் கிளாஸில், போட்டுவிடுகிறோம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கேள்விதான்: "இந்த மாதம் எவ்வளவு?" பால் வெட்டுப் பெட்டி தன் வழியில் கணக்குப் போட்டுச் சொல்லும், குலை வெட்டுப் பெட்டி தன் வழியில். சம்பளம் போடும் மைய நிரலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உதிரிப் பழம் வந்தால் குலைப் பெட்டியை மட்டும் திறக்கிறோம், பால் பெட்டி மூடியே கிடக்கும்.

ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஒரு அட்டை எழுதச் சொல்வோம். அதில் நான்கே வரி: பெயர், சிக்கல், தீர்வு, விளைவு. இந்த நான்கும் நால்வர் நூலிலேயே பேட்டர்னின் அங்கங்களாகச் சொல்லப்பட்டவை. பெயரை உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். வேலை இடத்தில் அந்தப் பெயரில்தான் பேசுவார்கள். மற்ற மூன்று வரியும் உங்கள் சொந்தச் சொற்களில், வீட்டில் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். எங்கேயோ படித்ததை எடுத்து எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பெரும்பாலும் காலியாக இருப்பது நான்காவது வரிதான். எந்தத் தீர்வுக்கும் விலை உண்டு. ஸ்ட்ராட்டஜியில் ஒரே பக்கத்தில் இருந்த கணக்கு ஐந்து பெட்டியாகப் பிரிந்துவிடுகிறது. புதிதாக வருகிறவர் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இதை எழுதாதவர் அந்தப் பேட்டர்னை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பத்திரிகை போடுகிறவர்

மூன்றாவது வாரம் ஆப்சர்வர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் மோட்டாரில் தமிழ்ப் பத்திரிகை போடுகிறவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த வீட்டில் யார் படிப்பார், ராசிபலன் பார்ப்பாரா, விளையாட்டுப் பக்கம் பார்ப்பாரா என்பது அவருக்குத் தேவையில்லை. பட்டியலில் இருக்கிற வீட்டுக்குப் போட்டுவிட்டுப் போவார். புது வீடு சேர வேண்டுமென்றால் பெயர் கொடுக்க வேண்டும், வேண்டாமென்றால் சொல்லிவிட வேண்டும்.

நம் நிரலிலும் அப்படித்தான். கூலி கணக்கிட்டு முடிந்ததும் சம்பளச் சீட்டு அச்சாக வேண்டும், கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும், கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும். இந்த மூன்றையும் கூலிக் கணக்குக்குள்ளேயே எழுதினால் அது வீங்கிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாக "கூலி தயார்" என்று ஒருமுறை அறிவித்தால் போதும். பெயர் கொடுத்தவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, ஒரு வீட்டில் கேட் பூட்டியிருக்கிறது. அதற்காகப் பத்திரிகைக்காரர் திரும்பிப் போய்விட்டால் அடுத்த பத்து வீட்டுக்கும் பத்திரிகை இல்லை. நிரலில் இது அப்படியே நடக்கும்: தகவல் அனுப்பும் பகுதி பிழையில் விழுந்தால், அதற்குப் பின்னால் இருக்கிற கணக்குப் புத்தகத்துக்கு அறிவிப்பே போகாது. அதனால் ஒருவரின் பிழை மற்றவரை நிறுத்தாதபடி எழுதப் பழக வேண்டும். இன்னொன்று: வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கு (புதுக் குடியிருப்புப் பகுதிக்கு) குடிபோனவர் பத்திரிகையை நிறுத்தச் சொல்லவில்லை. வாசலில் பத்திரிகை குவிந்துகொண்டே இருக்கும். நிரலில் தேவை முடிந்த ஆப்ஜெக்ட் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காவிட்டால் அது நினைவகத்தை விட்டு வெளியேறாமல் தங்கிவிடும். நாள்கணக்கில் ஓடும் நிரல்கள் மெதுவாகி நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டறையில் இதை வேண்டுமென்றே செய்து பார்க்க வைப்போம்.

அதே வாரம் டெக்கரேட்டர். ஒரு பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைப்பது, வெளியிலிருந்து பார்த்தால் அதே முகம், கேட்கிற கேள்வியும் அதே "எவ்வளவு?" தான். உள்ளே இருக்கும் பெட்டி சொன்ன தொகையோடு வெளிப்பெட்டி தன் வேலையைச் சேர்த்துச் சொல்லும். குறைந்தபட்ச ஊதியத்துக்கு நிரப்புவது ஒரு வெளிப்பெட்டி, ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காட்டைப் பிடிப்பது இன்னொரு வெளிப்பெட்டி. எதை முதலில் சுற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1,240 ரிங்கிட்டை 1,700 வரை நிரப்பிவிட்டு 11 விழுக்காடு பிடித்தால் 187 போக 1,513 கையில் வரும் (சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ போன்ற மற்றப் பிடித்தங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை). வரிசையை மாற்றி முதலில் பிடித்துவிட்டு அப்புறம் நிரப்பினால் 1,700 வந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சேமநிதியில் 1,700க்கு ஏற வேண்டிய தொகை 1,240க்குத்தான் ஏறியிருக்கும். அம்மாவின் ஓய்வுக்காலப் பணம் அது.

அடாப்டர் என்ற பேட்டர்னைச் சொல்ல ஒரு பிளக் போதும். இந்தியாவிலிருந்து வருகிற உறவினரின் சார்ஜரில் உருண்டை முனை, நம் சுவரில் சதுர ஓட்டை. நடுவில் ஒரு சின்ன மாற்றி. அது வடிவத்தைத்தான் மாற்றுகிறது, மின்சாரத்தைத் தொடுவதில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு நிரல் பகுதிகளுக்கு நடுவில் நிற்கிற உங்கள் அடாப்டர் கிளாஸும் கூடுதலாக எந்த வேலையும் செய்யக் கூடாது. ஃபேக்டரி மெத்தட் கடைசி வாரம் வரும். எந்தத் தொழிலாளிக்கு எந்தப் பெட்டி என்று முடிவு செய்வதை ஒரே இடத்தில் வைப்பது என்று இப்போதைக்குத் தெரிந்தால் போதும்.

தமிழில் கேளுங்கள்

"தமிழில் படித்தால் நேர்காணலில் திணறுவோமா?" என்று பெற்றோர்களும் கேட்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. சொற்கள் எல்லாம் தெரியும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது தெரியாது. புரியாததைக் கேட்கவும் கூச்சம். இன்று புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த நிலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஒரு விஷயம் நமக்குச் சரளமான மொழியில் புரிந்துவிட்டால், அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதற்கு வேண்டியது சில சொற்கள்தான். அந்தச் சொற்களை ஒவ்வொரு வாரமும் கடைசி அரை மணி நேரம் பயிற்சி செய்கிறோம். அட்டையில் தமிழில் எழுதியதை எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

கேள்வியை எப்படிக் கேட்பது என்றும் பழகுங்கள். "வேலை செய்யல" என்று சொல்லாமல், என்ன கொடுத்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். பாதி நேரம் மூன்றாவதைச் சொல்லும்போதே பதில் கிடைத்துவிடும்.

எங்கே நிறுத்துவது

புதிதாகக் கற்றவர்களுக்குப் பார்க்கிற இடமெல்லாம் பேட்டர்னாகவே தெரியும். இரண்டு வரி நிபந்தனைக்கு மூன்று கிளாஸ் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் சொல்வது இதுதான்: ஒரே இடம் குறைந்தது இரண்டு முறை மாறி உங்களைத் தொந்தரவு செய்யும் வரை சும்மா விடுங்கள். மூன்றாவது முறை மாறும்போது பேட்டர்னைத் தேடுங்கள்.

எந்த நிரல் மொழியில் எழுதுகிறோம் என்பதும் ஒரு கணக்கு. நால்வர் நூலின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டவை. 1996இலேயே பீட்டர் நார்விக் என்ற கணினி அறிஞர், அந்த 23இல் 16 பேட்டர்ன்கள் லிஸ்ப் போன்ற மொழிகளில் மிக எளிதாகிவிடுகின்றன அல்லது தேவையே இல்லாமல் போகின்றன என்று காட்டினார். பைத்தானில் ஸ்ட்ராட்டஜிக்குக் கிளாஸே தேவையில்லாமல் ஒரு ஃபங்ஷனோடு முடித்துவிடலாம். இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள்.

சிங்கிள்டன் என்று ஒன்று உண்டு. நிரல் முழுவதுக்கும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் என்று பூட்டி வைப்பது. சுலபமாக இருப்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கிருந்தும் யாரும் அதை மாற்றலாம் என்பதால் பிழை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதும், பகுதி பகுதியாகச் சோதிப்பதும் பெரும்பாடு. நால்வரில் ஒருவரான எரிக் காமாவே 2009இல் ஒரு நேர்காணலில், இப்போது எழுதினால் சிங்கிள்டனை விட்டுவிடலாம் என்று சொன்னார். எங்கள் பட்டறையில் அதைப் படித்துக் காட்டுவோம், எழுதச் சொல்ல மாட்டோம்.

நான்காவது ஞாயிறும் அதன் பிறகும்

கடைசி நாள் அதே உறை திரும்ப மேசைக்கு வரும், உள்ளே புதுச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டுக்கும் எத்தனை இடத்தில் கை வைத்தீர்கள் என்று மறுபடி எண்ணி, முதல் வாரத்து எண்ணிக்கையின் பக்கத்தில் எழுதுங்கள். சில சீட்டுகளில் எண்ணிக்கை குறையாது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அன்றைக்கு நாம் பேசப்போவதே அதைப் பற்றித்தான்.

வீட்டுக்குப் போனபின் அடுத்தவர் எழுதிய நிரலைப் படியுங்கள். ஜாவாவில் பட்டியலை வரிசைப்படுத்தக் கொடுக்கிற கம்பேரட்டர் ஒரு ஸ்ட்ராட்டஜி. ஜாவாவின் பஃபர்டு ரீடர் இன்னொரு ரீடரைச் சுற்றிய டெக்கரேட்டர். பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் சிக்னல்கள் ஆப்சர்வர். வாரத்துக்கு ஒன்று கண்டுபிடித்து வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி அட்டையாகப் போடுங்கள். மூன்று மாதம் விடாமல் போட்டவர்களைத்தான் அடுத்த பட்டறையில் உதவிக்கு அழைக்கிறோம். இப்போது முன்வரிசையில் நின்று சொல்லித் தருகிற இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்.

முதல் ஞாயிறு வரும்போது வீட்டில் கேட்டு ஒரு பழைய சம்பளச் சீட்டை வாங்கி வாருங்கள். அம்மாவுடையதோ அப்பாவுடையதோ, எந்த வேலையாக இருந்தாலும் சரி. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கறுப்புப் பேனாவால் நன்றாக அடித்துவிடுங்கள். கூலி எந்தக் கணக்கில் வந்தது, எது எதற்குப் பிடித்தார்கள் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எட்டே முக்காலுக்குப் பின்வாசல் திறந்திருக்கும்.